கல்யாணக் காருக்கு ஒரு பொலிஷ்

சனிக்கிழமை என் மருமகளுக்குக் கல்யாணம். அதற்கு முன் காரைக் கொஞ்சம் மினுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மருமகள் என்றால் என் அக்காவின் மகள் ஆரணி. பெண்ணை மண்டபத்துக்கு ஏற்றிப் போவது தாய்மாமனின் கார். எங்கள் குடும்பத்தில் இது எழுதாத சட்டம். சட்டம் வந்த காலத்தில் எந்தத் தாய்மாமனிடம் கார் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நீளமான வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆரணி வேண்டாம் என்றுவிட்டாள். "நான் மாமாட காரிலதான் வருவன்" என்று வருங்கால மாமியாரின் முகத்துக்கு நேரே சொன்னாளாம். இதை அக்கா எனக்குப் போனில் சொன்னபோது குரலில் பாதி பெருமை, பாதி பயம். பெருமை மகளைப் பற்றியது. பயம் என் காரைப் பற்றியது.

என் கார் கறுப்பு. கொஞ்சம் வயதானது. ஆனால் சுத்தம். வாராவாரம் கழுவுகிறேன். சுவிஸில், ஷ்லீரன் என்ற இந்த ஊரில், எங்கள் தெருவில் காரை இப்படிக் கவனிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த எண்ணம் புதன்கிழமை மத்தியானம் வரை நீடித்தது.

அன்றைக்குக் கல்யாணப் படம் எடுப்பவர் பாசல் நகரிலிருந்து வந்தார். பெயர் ஜெரோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மண்டபம், வீடு, கார் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுவாராம். காரை நிலக்கீழ் கராஜிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நல்ல வெயில்.

ஜெரோம் பொனெட்டுக்கு முன்னால் குனிந்தார். பிறகு பக்கவாட்டில் போய்க் குனிந்தார். டாக்டர்மார் நல்ல செய்தி சொல்வதற்கு முன் இப்படிக் குனிவதில்லை.

"அங்கிள், இது எப்பிடி வந்தது?"

நானும் குனிந்து பார்த்தேன். பொனெட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை. மெல்லிய மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. இத்தனை வருஷம் அந்தக் காரை நான் கராஜ் வெளிச்சத்தில்தான் ரசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பயப்பட வேண்டாம், கீறல் மேல்பூச்சில்தான், தேய்த்துக் கழுவுவதால் வருவது என்றார் ஜெரோம். எதால் கழுவுகிறேன் என்று விசாரித்தார். நான் ஒளிக்கவில்லை. சாதாரண நாளில் பழைய துவாய். கோயிலில் காருக்குப் பூசை வைத்தால் ஐயர் பொனெட்டில் சந்தனமும் திருநீறும் அப்பிவிடுவார். அது காய்ந்தால் சீமெந்து. அதற்கு மட்டும் சட்டி தேய்க்கிற பஞ்சு.

ஜெரோம் பொனெட்டை விரல்நுனியால் ஒருமுறை தடவினார்.

"மஞ்சள் பக்கமோ, பச்சைப் பக்கமோ?"

மஞ்சள் பக்கத்துக்குச் சந்தனம் அசையாது என்றேன்.

அவர் இரண்டு விஷயம் சொன்னார். கறுப்புக் கார் வெயிலில் எதையும் மறைக்காது. படத்தில் கல்யாணப் பொம்பிளையின் பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் இந்த வலையும் பளிச்சென்று விழும். ஆகவே ஒன்றில் தொழில் தெரிந்த ஆட்களிடம் கொடுத்து மெஷினால் பொலிஷ் செய்யவேண்டும்.

"இல்லாட்டி அந்த வெள்ளைக் கார் இன்னும் கிடைக்குமோ எண்டு கேட்டுப் பாருங்கோ அங்கிள்."

மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

கார் மினுக்கும் கடை ஒன்றுக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிதர். அடுத்த மாதம் நேரம் இருக்கிறது என்றார். கல்யாணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று அக்காவிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அப்போதுதான் தவம் அண்ணையின் ஞாபகம் வந்தது.

நான் ஒரு காலத்தில் நாளிதழில் விபத்துச் செய்திகள் எழுதியவன். எல்லா விபத்துச் செய்தியிலும் ஒரு வரி வரும்: சம்பவம் நடந்தபோது அவருடன் நண்பர் ஒருவரும் இருந்தார். அந்த நண்பர் யார், அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று நாங்கள் விசாரித்ததில்லை. விசாரித்திருக்க வேண்டும். ஏனென்றால் விபத்தே அவருடைய யோசனையாகத்தான் இருந்திருக்கும்.

தவம் அண்ணை மட்டக்களப்பு ஆள். என்னோடு வேலை செய்கிறவர். இரண்டு பேரும் அலுவலகக் கட்டடங்களில் தரை மினுக்குகிறோம். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் வேலை சுத்தம். நாங்கள் மினுக்கிய தரையில் வங்கிக்காரர்கள் குனிந்து தலைமுடியைச் சரிசெய்திருக்கிறார்கள்.

பிரச்சினையைச் சொன்னேன். அண்ணை சிரித்தார்.

"எத்தனை மாடி தரையைக் கண்ணாடியாக்கின ஆக்கள் நாம. ஒரு பொனெட் என்ன, சின்ன வராந்தா அளவு. இதுக்குப் போய் வெள்ளைக்காரனுக்குப் போன் எடுத்தனீயோ?"

நியாயமாகத்தான் பட்டது. எந்தப் பெரிய முட்டாள்தனமும் முதலில் நியாயமாகத்தான் படும்.

வியாழக்கிழமை பின்னேரம் வேலையைத் தொடங்கினோம். எங்கள் குடியிருப்பில் காரை வெளியே வைத்துக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, சத்தமாக யோசிக்கவும் கூடாது. ஆகவே நிலக்கீழ் கராஜ்.

அண்ணை வேலைத்தலத்து வான் வண்டியில் வந்து இறங்கினார். பின்கதவைத் திறந்தார். உள்ளே படிக்கட்டு மினுக்குகிற சின்ன மெஷின். சின்னது என்றால், தரை மெஷின்களின் குடும்பத்தில் சின்னது. மற்றபடி நன்றாகத் தின்று வளர்ந்த கிடாய் ஒன்றின் பாரம் இருக்கும்.

"அண்ணை, இது தரைக்கு வைக்கிறதெல்லோ?"

"தரைக்கு வைக்கிறது கறுப்புத் தட்டும் பச்சைத் தட்டும். நான் கொண்டுவந்தது வெள்ளைத் தட்டு. வெள்ளைத் தட்டால கைப்பிள்ளையின்ட கன்னத்தையும் துடைக்கலாம்."

எங்கள் தொழிலில் மெஷினுக்குக் கீழே மாட்டும் தட்டுகளுக்கு நிறக்கணக்கு உண்டு. கறுப்பு முரடு, வெள்ளை மென்மை. அதிலெல்லாம் அண்ணை சொன்னது சரி. தரைக்கு மென்மை என்பதும் காருக்கு மென்மை என்பதும் ஒன்றா என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வரக்கூடிய தவறு இது. தொழில் தெரியாதவன் துவாயோடு நிறுத்தியிருப்பான்.

கராஜில் மின்சாரம் எடுக்க இடம் இல்லை. பக்கத்து அறை, உடுப்புத் தோய்க்கிற அறை. அண்ணை நீட்டு வயரை எடுத்துக்கொண்டு அங்கே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கரண்ட் எடுத்தாச்சு என்றார். எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பொனெட்டில் பொலிஷ் களிம்பைத் தாராளமாகப் பூசினோம். மெஷினின் கைபிடியை அண்ணை பிடித்தார். அதன் உடம்பை நான் கட்டிப் பிடித்தேன். தூக்கிப் பொனெட்டின் மேல் வைத்தோம். அண்ணை பிள்ளையாரை நினைத்துக்கொண்டு சுவிட்சை அமத்தினார்.

தரை மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. தொட்டவுடன் ஒரு பக்கத்துக்கு இழுக்கும். பழகியவர்கள் கைபிடியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி அதைக் கட்டுப்படுத்துவார்கள். நாங்கள் பழகியவர்கள். ஆனால் நாங்கள் பழகிய தரைகள் எல்லாம் சமதரை. பொனெட் சரிவானது என்பதை மெஷின் எங்களுக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டது.

அது இழுத்தது. நாங்கள் போனோம். முதலில் இடது பக்க விளக்குவரை. பிறகு வலது பக்கம். பிறகு கண்ணாடிக்கு ஏறப் பார்த்தது. அண்ணை என்னை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். யாரை யார் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் தெளிவாக இல்லை.

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது.

எங்கள் கராஜ் விளக்கு ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். நாங்கள் பொனெட் முழுக்க அசைந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் அதன் கண் வாசல் பக்கம். இருட்டில் மெஷின் மட்டும் சுற்றுகிறது. விட்டால் அது எங்கே போகும் என்று தெரியாது. சுவிட்ச் அண்ணையின் பெருவிரலுக்குக் கீழே. விரலை எடுங்கள் என்று நான் கத்தியது மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அவர் குரல் கேட்டது.

"காலைத் தூக்கி ஆட்டு, லைட் வரும்."

ஆட்டினேன். வரவில்லை. அவரும் ஆட்டினார். இரண்டு நடுத்தர வயது மனிதர்கள், ஆளுக்கொரு காலைப் பின்னால் நீட்டி, ஒரு மெஷினைக் கட்டிப்பிடித்தபடி, இருட்டுக்குள்.

விளக்கு எரிந்தது. எரியவைத்தது எங்கள் கால் அல்ல. வாசலில் ஹவுஸ்வார்ட் நின்றார்.

ஹவுஸ்வார்ட் என்பவர் கட்டடத்தைப் பராமரிக்கிறவர். எங்கள் ஆள் கோபப்படமாட்டார். கோபத்துக்குப் பதிலாக மெதுவாகப் பேசுவார். அவர் முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். களிம்பு தெறித்துச் சுவர், தூண், எங்கள் சட்டை, அண்ணையின் மீசை எல்லாம் வெள்ளைப் புள்ளி. ஆனால் அவர் வந்த காரியம் வேறு.

மூன்றாம் மாடி அம்மாவின் உடுப்பு மெஷின் பாதியில் நின்றுவிட்டதாம். யாரோ வயரைக் கழற்றியிருக்கிறார்களாம். எங்கள் கட்டடத்தில் தோய்க்கிற அறை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை; இன்றைக்கு அந்த அம்மாவின் நாளாம்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை மீசையைத் துடைத்தார்.

இந்த நாட்டில் சுவரை வெள்ளைப் புள்ளியாக்கினால் துடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். காரின் மேல் தரை மெஷினை ஏற்றினால் அது உன் சொந்த விஷயம். ஆனால் ஒருவருடைய உடுப்புத் தோய்க்கிற நாளில் கைவைத்தவனுக்குப் புகலிடம் கிடையாது. நான் மூன்றாம் மாடிக்குப் போய், நனைந்த போர்வைகளின் முன்னிலையில், எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் மன்னிப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் அண்ணை பொனெட்டைத் துடைத்து முடித்திருந்தார். கராஜ் வெளிச்சத்தில் பளபள என்றுதான் இருந்தது. சிலந்தி வலையைக் காணோம். அண்ணை என் தோளில் தட்டினார்.

ஹவுஸ்வார்ட் மட்டும் போகாமல் நின்றார். இடுப்பிலிருந்து டோர்ச்சை எடுத்துப் பொனெட்டில் அடித்தார்.

சிலந்தி வலை போய்விட்டது உண்மைதான். அந்த இடத்தில் இப்போது வட்டங்கள். சோற்றுக் கோப்பை அளவு. ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு, இடது விளக்கிலிருந்து வலது விளக்கு வரை, பிறகு மேலே கண்ணாடி வரை. மெஷின் போன பாதை முழுவதையும் வரைபடம் போல் பார்க்க முடிந்தது. அண்ணை கால் தூக்கிய இடம்கூடத் தெரிந்தது.

ஹவுஸ்வார்ட் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: எல்லா வட்டமும் ஒரே அளவு.

பாராட்டு என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மினுக்கும் கடைக்காரருக்கு மறுபடி போன். நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்றேன். எதால் செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் என்றார். போனை எல்லோரும் கேட்கிறமாதிரிப் போட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார். இன்னொருமுறை சொன்னேன். யாரோ ஓர் ஆள் மேசையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சரிசெய்யலாம், ஆனால் இரண்டு நாள் வேலை, திங்கட்கிழமை முதல் ஆளாக உங்களை எடுக்கிறேன் என்றார். நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்பது புரிந்தது.

திங்கட்கிழமை ஆரணி கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டில் இருப்பாள்.

வேறு என்ன செய்ய? காரைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடித்தேன்.

வட்டங்கள் மறைந்தன.

உண்மையாகவே மறைந்தன. நனைந்த பொனெட் இருட்டுக் குளம் போல் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. நான் காசைப் போட்டுப் போட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். வெளியே வந்து வெயிலில் நிறுத்தினேன். தண்ணீர் காயக் காய, விளக்குப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வட்டமாக மேலே வந்தது. விருந்துக்கு ஆட்கள் வருவதுபோல.

ஆகப் பிரச்சினை சுருங்கிவிட்டது. கார் நனைந்திருந்தால் மானம் இருக்கிறது. காய்ந்தால் இல்லை.

போனில் வானிலையைப் பார்த்தேன். சனிக்கிழமை, காலை முதல் மாலை வரை, சூரியன் படம். குடும்பக் குழுவில் அக்கா அதை எல்லோருக்கும் அனுப்பி, கும்பிடும் கைகளும் போட்டிருந்தாள். நானும் கும்பிடும் கை ஒன்று போட்டேன். மனச்சாட்சிக்கு விரோதமாக.

அக்காவுக்குப் போன் எடுத்து, பொனெட்டில் பூ கொஞ்சம் கூடுதலாக வைப்போமா என்று நைசாகக் கேட்டேன். நடுவில் ஒரு கோடு பூ போதும் என்றாள். முழுவதும் மூடினால் வடிவு என்றேன்.

"முழுக்க மூடுறதுக்கு அது என்ன கோயில் தேரோ? கார் எண்டு தெரியவேண்டாமோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாக்கட்டும், என்ர தம்பின்ர கார் எப்பிடி மினுங்குது எண்டு."

சரி அக்கா என்று போனை வைத்தேன்.

தவம் அண்ணையிடம் கேட்டேன். மண்டபத்துக்குக் கிட்டப் போனதும் பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம் என்றார். பொம்பிளை உள்ளே இருக்கும்போதா என்றேன். "ஓம், மறுகா என்ன, மஞ்சள் தண்ணி தெளிக்கிற சடங்கு எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். சடங்கு தெரியாத ஆள் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

வெள்ளி பின்னேரம் கோயிலுக்குப் போனோம். தொழிற்பேட்டையில், டயர்க் களஞ்சியத்துக்குப் பக்கத்தில், எங்கள் பிள்ளையார் இருக்கிறார். அக்கா முன்வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் நேர்ந்தாள். நாளைக்கு ஒரு துளி மழை விழக்கூடாது. நல்லபடியாக வெயில் எறித்தால் வாசலில் தேங்காய் உடைப்பாள்.

நான் அவளுக்கு நேர் பின்னால் நின்றேன்.

பிள்ளையாரே, என்று தொடங்கினேன். சத்தமில்லாமல். நிலைமையை விளக்கினேன். பச்சைப் பஞ்சை மறைக்கவில்லை. மெஷினையும் மறைக்கவில்லை. அந்தச் சந்தனமும் திருநீறும் எங்கே வைத்துப் பூசப்பட்டவை என்பதையும் பணிவாக நினைவூட்டினேன். பொறுப்பில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் வாதம். நாளைக்கு ஒரு சின்ன மழை. பெரிதாக வேண்டாம், பொனெட் நனைந்தால் போதும். வாசலில் தேங்காய் உடைக்கிறேன்.

ஒரே வீட்டிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே வாசலில், இரண்டு தேங்காய். பிள்ளையார் தும்பிக்கையை அசைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. வானம் கழுவித் துடைத்த கோப்பை போல் இருந்தது. பஞ்சு பாவிக்காமல் துடைத்தது.

அக்கா வீட்டு வாசலில் காரைப் பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் ஒதுக்கி நிறுத்தினேன். நடுவில் ஒரு கோடு பூ. இரண்டு பக்கமும் வட்டங்கள் நிழலில் தூங்கின. அக்கா அவசரத்தில் கவனிக்கவில்லை. அவளும் மற்றவர்களும் முன்னால் போனார்கள். பெண்ணை ஏற்றி, அவளுடைய தோழி பின்னால் ஏறி, நான் காரை எடுத்தேன்.

ஆரணி முன் ஆசனத்தில் இருந்தாள். பின்னால் இருந்தால் சேலை கசங்குமாம். நிழலைத் தாண்டியதும் வெயில் பொனெட்டில் விழுந்தது.

வட்டங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வீதியைப் பார்த்தேன். ஒரு மனிதன் வீதியை இவ்வளவு கவனமாகப் பார்த்து ஓட்டியதில்லை.

"மாமா, இது என்ன?"

"பொலிஷ் பண்ணினனான் பிள்ளை."

"எதால?"

சொன்னேன். பின்னால் தோழி இருமினாள். ஆரணி சிரிக்கவில்லை.

"வெள்ளைக் கார் அனுப்புறம் எண்டவை. நான்தான் வேண்டாம் எண்டனான்."

"தெரியும் பிள்ளை."

"மாமி வாசலிலயே நிப்பா. முதல்ல காரைத்தான் பாப்பா."

"தெரியும்."

சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் கண்மையைக் கெடுக்காமல் கண்ணோரத்தை விரலால் ஒற்றினாள். "எகால் மாமா, விடுங்கோ" என்றாள். பரவாயில்லை என்று இங்குள்ள பிள்ளைகள் சொல்லும் சொல் அது. பரவாயில்லாதபோதுதான் அதைச் சொல்வார்கள்.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. கறுப்புக் காரில் வட்டம் போட்டால் எனக்கு ஒரு கதை. அவளுக்கு அப்படியில்லை. அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். "நீ தானே கேட்டாய்" என்ற பேச்சை எத்தனை வருஷம் கேட்பாளோ.

பச்சை விளக்கு விழுந்தது. முன்கண்ணாடியிலும் ஒன்று விழுந்தது.

ஒரு துளி.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பக்கத்துக் குன்றின் பின்னாலிருந்து, எந்தப் போனிலும் இல்லாத ஒரு மேகம், வேலைக்குப் பிந்தி வருகிறவன் போல் அவசரமாக வந்துகொண்டிருந்தது. பிறகு பொழிந்தது.

"ஐயோ, மழை. வைப்பரைப் போடுங்கோவன் மாமா."

"கொஞ்சம் பொறு பிள்ளை. முன்னால பார்."

அவள் பார்த்தாள். நடுவில் பூக்கோடு. அதன் இரண்டு பக்கமும் வட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. பொனெட் கறுத்து, ஆழ்ந்து, வானத்தையும் மரங்களையும் உள்ளே வாங்கிக்கொண்டது. பிறகுதான் வைப்பரைப் போட்டேன். ஆரணி என் பக்கம் திரும்பினாள். நெற்றிச்சுட்டி ஆட ஆட, மண்டபம் வரும் வரை சிரித்தாள். பின்னால் தோழியும் சேர்ந்துகொண்டாள்.

மண்டப வாசலில் குடைகள். மாப்பிள்ளையின் தாயார் முன்னால் நின்றார். ஆரணி சொன்னதுபோல் முதலில் காரைத்தான் பார்த்தார். முன்னிருந்து பின்வரை பார்த்தார். "கார் கண்ணாடி மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னதுபோல் எனக்குப் பட்டது.

ஜெரோம் கமராவைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு ஓடி வந்தார். பொனெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், ஏமாறவில்லை.

"அங்கிள், காயிறதுக்கு முந்தி எடுத்திடுவம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஆரணி குடைக்குக் கீழே காரோடு சாய்ந்து நின்றாள். சிவப்புப் பட்டு முழுவதும் கறுப்புப் பொனெட்டில் தலைகீழாக எரிந்தது. அந்தப் படம் இப்போது மாமியார் வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. போகிறவர்கள் எல்லோரும் காரைப் பற்றிக் கேட்கிறார்களாம்.

அக்கா மட்டும் நனைந்த சேலையோடு படியில் நின்றாள். இவ்வளவு நேர்ந்தும் பிள்ளையார் கைவிட்டுவிட்டாரே என்பது அவள் துக்கம்.

"எந்த மூதேவி மழை வரவேணும் எண்டு நேந்ததோ தெரியேல்லை."

"ஓம் அக்கா," என்றேன். "ஆரெண்டு தெரியேல்லை."

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் என்னிடம் வந்து, தன் காரிலும் கீறல் இருக்கிறது, உங்கள் காரை யார் பொலிஷ் செய்தது என்று விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் பக்கத்து இலையிலிருந்து தவம் அண்ணை எழும்பினார்.

"நாமதான் செய்த. உங்கட காரையும் கொண்டுவாங்க, கராஜ் இருக்கு, மெஷின் இருக்கு."

உடுப்புத் தோய்க்கிற நாளைப் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அனுபவம் பேசியது. நான் அவருடைய இலையில் இன்னொரு வடையை வைத்து வாயை அடைத்தேன்.

கார் திங்கட்கிழமை கடைக்குப் போய் வந்துவிட்டது. கடைக்காரர் வட்டங்களைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சந்தனத்தை இனி நனைத்து ஊறவிட்டு மெல்லிய துணியால் எடுக்கச் சொல்லித் தந்தார். பச்சைப் பஞ்சு குசினிக்குத் திரும்பிவிட்டது.

மீதி இருப்பது நேர்த்திக்கடன். ஒவ்வொரு வெள்ளியும் தேங்காயோடு கோயிலுக்குப் போகிறேன். ஒவ்வொரு வெள்ளியும் அக்கா வாசலில் நிற்கிறாள், என்ன தம்பி, கையில் என்ன என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை அக்கா என்று திரும்பி வருகிறேன்.

அந்தத் தேங்காய் இன்னும் காரின் பின்பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் உருண்டு ஒருமுறை தட்டி ஞாபகப்படுத்துகிறது.